இடமாற்றத்தோடு போய்விடும் குழுக்கள்

இலங்கையின் வடக்கே வன்னியில், கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் ஒரு கமக்காரர் அமைப்பு எப்படி நடக்கிறது என்று அறிய அதன் கோப்பு அலுமாரியைத் திறந்து பயனில்லை. செயலாளரின் போனைத்தான் திறக்க வேண்டும். பசளை வந்த திகதி, வாய்க்காலில் யாருக்கு எப்போது தண்ணீர் முறை, காலபோகக் கூட்டத் தீர்மானத்தின் படம், ரசீதுகளில் அரைவாசி எல்லாம் அங்கே ஒரு வட்ஸ்அப் குழுவில் கிடக்கும். செயலாளர் மாறினால் குழு இருக்கும். ஆனால் புதிதாக வருபவர் அதற்குள் நுழையும்போது முன்னைய வருடங்களின் பேச்சு அவர் கண்ணுக்கு வராது. இணைப்பாளராக இருந்த உத்தியோகத்தருக்கு மன்னாருக்கோ வவுனியாவுக்கோ இடமாற்றம் கிடைத்தால் கதை இன்னும் மோசம்.

மின்னஞ்சல் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறதுதான். சங்கத்தின் பெயரில் யாரோ ஒருவர் திறந்த ஜிமெயில் கணக்கு; மீட்புக்குக் கொடுத்த இலக்கம் அந்த ஒருவருடையது. புதிய கணினியில் நுழைய முயன்றால் உறுதிக் குறியீடு முன்னாள் செயலாளரின் சிம்முக்குப் போகும். அவர் இப்போது வெளிநாட்டில் இருந்தால் அந்த சிம்மே இருக்காது.

இதற்கு மாற்றாகத் திறந்த மூலச் செய்திச் செயலிகளை, அதாவது நிரலை எவரும் பார்க்கக்கூடியவற்றை, எடுக்கலாம். அவற்றைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் மறைகுறியாக்கத்தைத்தான், அதாவது இடையில் எவரும் படிக்காதபடி செய்தியைப் பூட்டுவதைத்தான், முன்னால் வைக்கிறார்கள். அது வேண்டியதுதான். ஆனால் வன்னியில் ஒரு சிறிய அலுவலகத்துக்கு முதலில் வேண்டியது, முகவரி அலுவலகத்துக்குச் சொந்தமாக இருப்பது. இந்தக் கண்ணால் பார்த்தால் சிக்னல் செயலியும் பெரிதாக உதவாது. நிரல் திறந்ததுதான், குறியாக்கமும் நல்லது. ஆனால் சேர்வர் ஒரே இடத்தில். கணக்குத் திறக்கத் தொலைபேசி இலக்கம் வேண்டும். மறுபடியும் சிம்மிடமே வந்து நிற்கிறோம். டெலிகிராமின் சேர்வர் நிரல் திறக்கப்படவேயில்லை.

சொந்த முகவரி, எவருடைய சேர்வரில் இருப்பவரோடும் பேசலாம் என்ற ஏற்பாடு மின்னஞ்சலுக்கு 1982இலேயே இருந்தது. அதையே உடனடிச் செய்திக்குக் கொண்டுவந்தது 1999இல் ஜாபர் என்ற பெயரில் தொடங்கிய எக்ஸ்எம்பிபி என்ற திறந்த விதிமுறை. 2014இல் மேட்ரிக்ஸ் என்ற இன்னொரு விதிமுறை வந்தது. டெல்டா சாட் இன்னொரு பக்கத்தால் வந்தது: மின்னஞ்சலைத் தூக்கி எறியாமல், அதன் மேலேயே அரட்டை முகத்தைப் போர்த்தியது.

புதிதாகத் தொடங்கும் சங்கத்துக்கு டெல்டா சாட்டைத்தான் முதலில் சொல்வோம். சங்கத்துக்கு இணையத்தளமும் அதோடு வந்த மின்னஞ்சலும் இருந்தால் அந்த முகவரியையே கொடுக்கலாம்; செயலி வாசல் எண் கேட்டால், அஞ்சலை வாங்கும் ஐமேப்புக்கு 993, அனுப்பும் எஸ்எம்டிபிக்கு 465 அல்லது 587. பெரும்பாலும் செயலி தானே கண்டுபிடித்துக்கொள்ளும். ஜிமெயில் முகவரி என்றால் வழமையான கடவுச்சொல் செல்லாது. இரட்டைச் சரிபார்ப்பைப் போட்டு, செயலிக்கான தனிக் கடவுச்சொல் எடுக்க வேண்டும். எதுவும் இல்லாதவர்கள், டெல்டா சாட்டுக்கென்றே அமைத்த சாட்மெயில் சேர்வர் ஒன்றில் இலக்கம் எதுவும் கொடுக்காமல் கணக்குத் திறக்கலாம். அது செய்தியைக் கடத்திவிடுவதற்கு மட்டும். பழைய செய்திகளைக் காலம் கடந்ததும் சேர்வர் அழித்துவிடும் என்பதால், பேச்சு முழுதும் போனிலேயே இருக்கும்.

ஆகவே இரண்டாவது கருவியை முதல் நாளிலேயே சேர்த்துவிட வேண்டும்: செயலாளரின் போன் ஒன்று, அலுவலகக் கணினி மற்றது. பழைய கருவியில் க்யூஆர் குறியீட்டை எடுத்து, புதியதில் படம் பிடித்தால் கணக்கும் பேச்சும் நகரும். இரண்டும் ஒரே வைஃபையில் இருக்க வேண்டும். சில ரவுட்டர்கள் தம்மோடு இணைந்த கருவிகளை ஒன்றையொன்று பார்க்க விடாது. நகர்வு தொடங்கி அப்படியே நின்றுவிடும். அப்போது ரவுட்டரோடு மல்லுக்கட்டாமல் ஒரு போனின் ஹொட்ஸ்பொட்டைப் போட்டு மற்றதை அதில் இணைத்தால் முடிந்தது.

இதில் எங்கே சிக்கும்? குழுவில் ஒரு செய்தி என்பது உள்ளுக்குள் பல பெறுநர்களுக்குப் போகும் ஒரு மின்னஞ்சல். பகிர்வு ஹோஸ்டிங், அதாவது ஒரே சேர்வரைப் பல இணையத்தளங்களுக்குப் பகிர்ந்து வாடகைக்கு விடுபவர்கள் ஒரு மணித்தியாலத்துக்கு இத்தனை பெறுநர் என்று எல்லை போட்டிருப்பார்கள், வழக்கமாகச் சில நூறு. 40 பேர் குழுவில் 10 செய்தி போனால் கணக்கு 400. தண்ணீர் திறக்கும் நாளில் எல்லாரும் பதில் எழுதத் தொடங்கினால் அரை மணித்தியாலத்தில் அனுப்புதல் நின்றுவிடும், செயலியில் சிவப்புக் குறி விழும். செயலியில் பிழை இல்லை. ஹோஸ்டிங்காரரிடம் எல்லையை உயர்த்தக் கேட்க வேண்டும், அல்லது சாட்மெயிலுக்கு மாற வேண்டும். இன்னொன்று, டெல்டா சாட்டின் சாதாரணக் குழுவில் தலைவர் என்று ஒருவர் இல்லை. எந்த உறுப்பினரும் எவரையும் நீக்கலாம். சங்கத் தேர்தல் காலத்தில் இது சின்ன விடயமல்ல.

படிவங்களைப் பற்றியும் ஒரு சொல். படமாக அனுப்பினால் செயலி சுருக்கும். மானியப் படிவத்தின் சிறிய எழுத்தும் காணி இலக்கமும் கரைந்துவிடும். கோப்பாக இணைத்தால் அப்படியே போகும். ஆனால் மின்னஞ்சல் வழியே எந்தக் கோப்பும் வெறும் எழுத்துகளாக மாற்றப்பட்டே செல்வதால் அளவு மூன்றிலொரு பங்கு கூடும், 3 மெகாபைட் 4 ஆகும். கடிதங்கள் இன்னும் யூனிகோடு அல்லாத பழைய பாமினி எழுத்துருவில்தான் தட்டச்சாகின்றன. அதை வேர்டிலிருந்து வெட்டி அரட்டையில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பை வரும். யூனிகோடுக்கு மாற்றி ஒட்டலாம், அல்லது பிடிஎஃப் ஆக்கி அனுப்பலாம்.

சொந்த சேர்வர் வேண்டும் என்ற நிலைக்கு வந்தவர்களுக்கு எக்ஸ்எம்பிபி. சேர்வருக்கு ப்ரோசடி, போனில் கான்வர்சேஷன்ஸ். 1 ஜிகாபைட் நினைவகமுள்ள சிறிய வாடகை சேர்வர் ஒரு சங்கத்துக்குத் தாராளம். அலுவலக மூலையில் ராஸ்பெரி பை என்ற கையடக்கக் கணினியை வைத்து ஓட்டலாமே என்று இளம் பிள்ளைகள் கேட்பார்கள். 4ஜி ரவுட்டருக்குப் பொது ஐபி, அதாவது தனக்கென்று ஓர் இணைய முகவரி, வழக்கமாகக் கிடைப்பதில்லை. பல வாடிக்கையாளர் ஒரே ஐபிக்குப் பின்னால் இருப்பதால் வெளியிலிருந்து எவரும் உள்ளே வந்து கதவைத் தட்ட முடியாது. மின்சாரம் நினைத்தபோது போய்வரும் இடத்தில் மெமரி கார்டும் அதிக நாள் தாங்காது.

ப்ரோசடியில் திறக்க வேண்டிய வாசல்கள் 5222 போன்களுக்கு, 5269 மற்ற சேர்வர்களுக்கு. இரண்டாவதை மறந்தால் உள்ளுக்குள் எல்லாம் வேலை செய்யும், வெளியாரோடு மட்டும் பேச முடியாது. காரணம் தேடி நாள் போகும். செய்திக் காப்பகம் தானாகவே ஒரு வாரத்துக்குத்தான் வைத்திருக்கும். லீவில் போன லிகிதர் பத்து நாள் கழித்து வந்து பார்த்தால் நடுவில் ஓட்டை இருக்கும். காப்பகக் காலத்தை ஒரு வருடமாக்க வேண்டும். கோப்பின் எல்லையும் 10 மெகாபைட்டிலிருந்து கூட்ட வேண்டியிருக்கும்.

அதிகம் காலை வாருவது, சேர்வரின் அடையாளத்தைப் போன்களுக்கு உறுதிப்படுத்தும் சான்றிதழ். லெட்ஸ் என்கிரிப்ட் இலவசமாகத் தரும் சான்றிதழ் 90 நாளைக்கு. அது தானே புதுப்பிக்கப்படும். ஆனால் புதியதை ப்ரோசடியின் கையில் கொடுக்கும் கட்டளையைப் புதுப்பித்தலோடு சேர்த்து எழுதாவிட்டால் அது பழையதையே காட்டிக்கொண்டிருக்கும். மூன்று மாதம் ஒழுங்காக ஓடி, ஒரு காலையில் எல்லாப் போனும் ஒன்றாக வாய்மூடும். அமைத்துக் கொடுத்தவர் அதற்குள் வேறு வேலைக்குப் போயிருப்பார். சேர்வர் பராமரிப்பு வாய்க்கால் துப்புரவு மாதிரி: எல்லாருக்கும் தேவை, ஒருவர் பெயரில் எழுதாவிட்டால் எவரும் இறங்கமாட்டார்.

டொமைன், அதாவது முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் பெயர், அதன் பதிவும் இதே வகை. வெளிநாட்டிலிருக்கும் உறவினரின் அட்டையில் கட்டியதாயிருந்தால் அட்டை காலாவதியாகும் நாளில் முகவரியும் போகும். இந்தச் சேவைகளில் டொமைன் பெயரை இடையில் மாற்ற வழியில்லை. கணக்குகள் எல்லாம் அதில் தொங்குகின்றன. ஆகவே பதிவு சங்கத்தின் பெயரில், கணக்குகள் ஆள் பெயரில் அல்லாமல் செயலாளர், பொருளாளர், களஞ்சியம் என்று பதவிப் பெயரில், கடவுச்சொற்கள் தாளில் எழுதி உறையிட்டுப் பணப் பெட்டிக்குள். பொறுப்பு ஒப்படைக்கும் நாளில் முத்திரையும் காசோலைப் புத்தகமும் கைமாறுவதோடு அந்த உறையும் மாற வேண்டும்.

இணையமே இல்லாத நாள் வேறு. 2018 மார்ச்சிலும் 2019 ஏப்ரலிலும் 2022 ஏப்ரலிலும் நாட்டில் சமூக ஊடகங்கள் தடைப்பட்டபோது வட்ஸ்அப்பும் அதில் சேர்ந்தது. மின்னஞ்சலுக்குத் தடை விழவில்லை. அத்தகைய நாளில் மேலே சொன்னவை போதும். 2018 டிசம்பரில் கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்து வான்கதவுகள் திறந்து வெள்ளம் பாய்ந்த மாதிரியான நாளில் தொலைபேசிக் கோபுரமே நின்றால் அவை எதுவும் போதாது. பிரயர் என்ற செயலி அங்கேதான் பொருள்படும். அண்ட்ரொய்டுக்கு உண்டு, ஐபோனுக்கு இல்லை. இணையம் இருந்தால், யார் யாரோடு பேசுகிறார் என்பதை மறைக்கும் டோர் வலையமைப்பு வழியாக, இல்லாவிட்டால் புளூடூத்திலோ ஒரே வைஃபையிலோ நேராகச் செய்தி மாற்றிக்கொள்ளும். புளூடூத் எட்டுவது பத்து மீற்றர் அளவு. தனிச் செய்தி மூன்றாம் ஆளின் போன் வழியாகப் போகாது. மன்றம் என்ற பகுதியில் எழுதியது மட்டும் அதில் சேர்ந்திருக்கும் தொடர்புகள் சந்திக்கும்போதெல்லாம் கைமாறிச் செல்லும். இடைத்தங்கல் முகாமிலிருந்து முகாமுக்குப் போகும் உழவு இயந்திரத்தில் ஒருவர் போனோடு ஏறினால் மன்றமும் ஏறும். ஆட்களை நேரில் சேர்த்துக்கொள்ளும் வேலையை மழைக்கு முன், ஒக்டோபர் கூட்டத்திலேயே முடிக்க வேண்டும். பிரயரின் கடவுச்சொல் மறந்தால் மீட்க வழி எதுவுமில்லை.

மின்சாரம் மட்டும் போய்க் கோபுரம் இயங்கும் நேரங்களுக்கு ரவுட்டரை 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பற்றரியில் ஓட்டலாம். ஈயப் பற்றரியில் பாதியைத்தான் எடுக்கலாம் என்று வைத்தாலும் 42 வாட்-மணி. 6 வாட் எடுக்கும் ரவுட்டர் 7 மணித்தியாலம் நிற்கும். நேராகக் கொழுவக்கூடாது. சார்ஜ் ஏறும்போது வோல்ட் 14ஐத் தாண்டும், சில ரவுட்டர்கள் எரியும். இடையில் 12க்கு நிலைப்படுத்தும் சிறு பலகை ஒன்று போட வேண்டும்.

மேட்ரிக்ஸைக் கடைசிக்கு விட்டது வேண்டுமென்றேதான். அதற்கான எலிமெண்ட் செயலி பார்க்க அழகு, கணினியிலும் போனிலும் ஒரே மாதிரி. பிரான்ஸ் அரசும் ஜெர்மன் இராணுவமும் தம் உள் அரட்டையை மேட்ரிக்ஸின் மேல்தான் கட்டியிருக்கின்றன. ஆனால் அதை ஓட்டும் சினாப்ஸ் என்ற சேர்வர் மென்பொருளுக்குப் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் வேண்டும், குறைந்தது 2 ஜிகாபைட் நினைவகம் வேண்டும், பெரிய பொது அறை ஒன்றில் ஒரு உறுப்பினர் சேர்ந்தாலே தரவுத்தளம் வீங்கும். மாவட்ட மட்டத்தில் பல சங்கங்களை இணைத்து, சம்பளத்துக்கு ஒருவரை வைத்திருக்கும் நிறுவனத்துக்குப் பொருந்தும். தனிச் சங்கத்துக்குப் பாரம்.

அப்படி எடுப்பவர்கள் இரண்டைக் கவனிக்க வேண்டும். மீட்புச் சாவியை எழுதி வைக்காமல் போனை மாற்றினால் பழைய செய்திகள் பூட்டிய நிலையிலேயே நிற்கும். அடுத்தது, அரட்டை அறையில் யார் எதைச் செய்யலாம் என்று தீர்மானிக்கும் அதிகார எண். அறையைத் திறந்தவருக்கு உச்ச அதிகாரம் (12ஆம் பதிப்புக்கு முந்திய அறைகளில் 100), மற்றவர்களுக்கு 0. அந்த ஒருவர் வெளிச் சேர்வர் ஒன்றில் தன் சொந்தக் கணக்கால் அறையைத் திறந்துவிட்டு, இடமாற்றமாகி வெளியேறினால் அங்கே எவரையும் நீக்கவோ அமைப்பை மாற்றவோ ஆளில்லை. புதிய அறை திறந்து எல்லாரையும் மறுபடி அழைக்க வேண்டியதுதான். கணக்கு அலுவலக சேர்வரில் பதவிப் பெயரில் இருந்திருந்தால், கடவுச்சொல்லை மாற்றி, உள்ளே இருப்பவர் ஒருவரைக் கொண்டு அழைப்பித்து, அதே அதிகாரத்தோடு திரும்ப நுழையலாம். எதற்கும் அறை திறக்கும் அன்றே இன்னொருவருக்கும் 100 கொடுத்துவிடுவது நல்லது. அவர் அரச உத்தியோகத்தராக இல்லாமல் ஊரோடு இருக்கும் பொருளாளராக இருந்தால் இன்னும் நல்லது.