டிடிஎஸ் 420, ஃபுளோரைடு 2.1

தர்மபுரி மாவட்டத்தில் உள்ள எங்கள் ஊரில் பெரியவர்கள் பலர் சிரிக்கும்போது பற்களில் பழுப்புப் பட்டைகள் தெரியும். பாறையிலிருந்து ஆழ்துளைக் கிணற்று நீரில் கரையும் ஃபுளோரைடு, பல் உருவாகும் சிறு வயதிலேயே அந்தக் கறையைப் பதித்துவிடுகிறது. பிறகு எவ்வளவு தேய்த்தாலும் அது போகாது. ஃபுளோரைடு மிகுந்த நீரை இன்னும் பல ஆண்டுகள் குடித்தால் எலும்பும் மூட்டும் இறுகிவிடக்கூடும்.

எங்கள் வீட்டில் போர் போட்டவர், தண்ணீரில் டிடிஎஸ் மீட்டரை முக்கி, 420 என்ற எண்ணைக் காட்டி, 500-க்குள் இருப்பதால் தாராளமாகக் குடிக்கலாம் என்றார். அந்த மீட்டர், கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவை மின்கடத்தலைக் கொண்டு கணிக்கிறதே தவிர, அவற்றில் எது எவ்வளவு என்று சொல்லாது. அதே நீரால் கேனை மூன்று முறை அலசி, நிரப்பிக் கொண்டுபோய் ஆய்வகத்தில் கொடுத்தேன். லிட்டருக்கு 2.1 மில்லிகிராம் ஃபுளோரைடு என்று முடிவு வந்தது. இந்தியத் தர நிர்ணயப்படி 1 மில்லிகிராம்தான் ஏற்கத்தக்கது. வேறு நீராதாரமே இல்லாத இடத்தில் 1.5 வரை அனுமதி. அம்மா அதுவரை காய்ச்சித்தான் கொடுத்துவந்தார். காய்ச்சினால் கிருமி சாகும். ஆனால் நீர் ஆவியாகக் குறையக் குறைய ஃபுளோரைடு மிச்சமுள்ள நீரில் செறிவாகிவிடும் என்று அவருக்குச் சொன்னபோது அவர் முகம் வாடியதை என்னால் மறக்க முடியவில்லை.

2013-இல் தொடங்கிவைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் காவிரி நீர் எங்கள் தெருவுக்கும் வருகிறது. ஆனால் கோடையில் வரத்து குறையும்போது மேல்நிலைத் தொட்டியில் போர் தண்ணீரையும் சேர்த்து ஏற்றுகிறார்கள். அந்தக் கலவை நாளுக்கு நாள் மாறுவதால், தை மாதத்துச் சோதனை முடிவு சித்திரைக்குப் பொருந்தாது.

எனவே, பயிற்சி பெற்ற எங்கள் தெருப் பெண்கள் இருவருடன் சேர்ந்து, மாதந்தோறும் களச் சோதனைப் பெட்டியைக் கொண்டு குழாய் நீரைச் சோதிக்கிறேன். மருந்துச் சொட்டு விட்டதும் ஃபுளோரைடு குறைந்த நீர் இளஞ்சிவப்பாக நிற்கும். கூடக் கூட மஞ்சளுக்குத் திரும்பும். டியூப் லைட் வெளிச்சத்தில் 1-க்கும் 1.5-க்கும் நிற வேறுபாடு பிடிபடுவதில்லை என்பதால், பகலில் வாசலுக்கு வந்து வண்ண அட்டையோடு ஒப்பிடுகிறோம். சந்தேகம் வந்தால் அன்றே மாதிரி ஆய்வகத்துக்குப் போகிறது. தேதியையும் அளவையும், அன்று தொட்டியில் எந்தத் தண்ணீர் ஏறியது என்பதையும் நோட்டில் எழுதுகிறோம். அடுத்த கிராம சபையில் அந்த நோட்டைத்தான் முன்வைக்கப் போகிறோம்.