வீட்டிலேயே செய்த ஏர் இன்டேக்

இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து காருக்கு ஏர் இன்டேக்கை, அதாவது இன்ஜினுக்குக் காற்று போகும் குழாயை, நானே செய்து மாட்டிவிட்டேன். பிவிசி குழாய், வளைவுக்கு ஒரு எல்போ, ரப்பர் இணைப்பு, நாலு கிளாம்ப், கூம்பு ஃபில்டர், அவ்வளவுதான். அறுத்த குழாயின் உள்விளிம்பில் நின்ற பிசிறை உப்புத்தாளால் தேய்த்து, ஈரத்துணியால் இரண்டு முறை துடைத்தேன். ஒரு துணுக்கு உள்ளே போனாலும் இன்ஜினுக்குக் கேடு. காற்றை அளக்கும் சென்சார் உட்காரும் இடத்தில் மட்டும் பழைய உள்விட்டத்தை மாற்றவே கூடாது. மாற்றினால் கணக்கு தப்பி, எரிபொருள் கலவை கெட்டுவிடும்.

ஃபில்டரை இன்ஜின் சூட்டிலிருந்து தள்ளி, ஹெட்லைட்டுக்குப் பின்னால் வைத்தேன். குளிர்ந்த காற்றுக்கு அடர்த்தி அதிகம், அதனால் இன்ஜினுக்குக் கூடுதல் காற்று கிடைக்கும். இன்னும் கீழே இறக்கலாம் என்றான் நண்பன். தேங்கிய தண்ணீரை உறிஞ்சினால் இன்ஜினே போய்விடும், வேண்டாம் என்றுவிட்டேன். சக்தி பெரிதாகக் கூடவில்லை. ஆனால் ஆக்சிலரேட்டரை மிதித்ததும் எழும் அந்த உறுமல், அப்பப்பா!