நாலு நூல் ரூட்டர்

பட்டறைக்கு வரும் இளம் தச்சர்கள் முதலில் கேட்பது, "அண்ணாச்சி, எத்தனை வாட் ரூட்டர் வாங்கலாம்?" என்பதுதான். ரூட்டர் என்பது, பிட் என்ற வெட்டும் முனையை வேகமாகச் சுழற்றி மரத்தில் காடியும் (நீளப் பள்ளம்) குழியும் எடுக்கும் மெஷின். "எதை வெட்டப் போகிறாய்?" என்று திருப்பிக் கேட்டால் முகம் சுருங்கிவிடும். பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் இருப்பது வாட் என்பதால் எல்லோரும் அதையே பிடித்துக்கொள்கிறார்கள். செங்கோட்டைப் பக்கத்தில் அறுவை மில்களுக்கு நடுவே கதவும் நிலையும் செய்து பிழைக்கிறவன் நான். என்னைக் கேட்டால், அது கடைசியாகப் பார்க்க வேண்டிய எண். 1,600 வாட்டுக்கு மேல் எந்த மோட்டாராக இருந்தாலும் தேக்கை வெட்டிவிடும். வெட்டும்போது அசையக் கூடாத இடங்களில் அசையாமல் இருக்கிறதா என்பதே என் கேள்வி.

எட்டு நூல் ஓர் அங்குலம் என்று கணக்குப் பார்க்கும் தொழில் இது. அதனால் அரை அங்குல ரூட்டர் எங்கள் பட்டறையில் "நாலு நூல் மெஷின்" ஆகிவிட்டது. அரை அங்குலம் என்பது பிட்டின் வெட்டும் அகலம் அல்ல, மெஷினுக்குள் செருகும் அதன் தண்டின் விட்டம். கால் அங்குலத் தண்டுக்கும் இதற்கும் கண்ணுக்குத் தெரிவது இரண்டு மடங்கு வித்தியாசம்தான். ஆனால் வளையாமல் நிற்கும் விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கில் கூடுகிறது. கணக்குப்படி 16 மடங்கு. தேக்கில் இரண்டு அங்குல ஆழத்துக்குப் பிட்டை இறக்கிப் பார்த்தால் இது கைக்கே தெரியும். கால் அங்குலத் தண்டு நடுங்கும், நடுங்கிய இடமெல்லாம் காடியின் சுவரில் அலை அலையாகப் பதிந்திருக்கும். பிறகு உப்புத்தாளை எவ்வளவு தேய்த்தாலும் வார்னிஷ் ஏறியவுடன் அந்த அலை திரும்பவும் எட்டிப் பார்க்கும்.

தண்டு தடித்தால் மட்டும் போதாது, அதைப் பிடிக்கும் கோலெட் சரியாக இருக்க வேண்டும். பிளவு விட்ட ஓர் எஃகு உறை அது. நட்டை முறுக்கும்போது கூம்புக்குள் இறங்கிச் சுருங்கித் தண்டைச் சுற்றிலும் கவ்வுகிறது. இந்தச் சின்ன உருப்படியில்தான் பெரிய ஆபத்தே இருக்கிறது. நம் ஊர்க் கடைகளில் 12 மி.மீ. தண்டுள்ள பிட்டும் 12.7 மி.மீ. தண்டுள்ள பிட்டும் ஒரே டப்பாவில் கிடக்கும். எதைக் கேட்டாலும் "அரை இஞ்ச்தான், எடுத்துக்கொள்ளுங்கள்" என்பார் கடைக்காரர். உண்மையான அரை அங்குலம் 12.7 மி.மீ. அதற்குரிய கோலெட்டில் 12 மி.மீ. தண்டைப் போட்டு முறுக்கினாலும் நட்டு இறுகத்தான் செய்யும். இறுகியதுபோலக் கைக்கும் தோன்றும். ஆனால் கோலெட் தண்டைச் சுற்றிலும் தொடாமல் ஓரிரு இடங்களில் மட்டுமே தொட்டுக்கொண்டிருக்கும்.

பக்கத்துப் பட்டறையில் ஒரு பூஜை அறைக் கதவு இப்படித்தான் போயிற்று. சீவலை மேல்நோக்கித் தள்ளும் சுருள் பிட், அந்த விசையிலேயே தன்னைக் கோலெட்டிலிருந்து வெளியே இழுத்துக்கொள்ளப் பார்க்கும். தண்டின் அளவு பொருந்தாததால் பிட் மெல்ல மெல்லக் கீழே இறங்கியிருக்கிறது. 8 மி.மீ. ஆழத்தில் தொடங்கிய காடி, பலகையின் மறுமுனைக்குப் போய்ச் சேர்வதற்குள் பின்பக்கம் வெளிச்சம் தெரியுமளவு ஆகிவிட்டது. நல்லவேளை, பலகையோடு போயிற்று. அந்த வேகத்தில் பிட் முழுதாகக் கழன்றிருந்தால் யார் மேல் பாய்ந்திருக்கும் என்று சொல்ல முடியாது. அதிலிருந்து எங்கள் பட்டறைக்கு எந்தப் பிட் வந்தாலும் வெர்னியரில் தண்டை அளக்காமல் உள்ளே விடுவதில்லை. 12 மி.மீ. பிட் கட்டாயம் வேண்டுமென்றால் 12 மி.மீ. கோலெட்டைத் தனியாக வாங்கிக்கொள்ள வேண்டும். சுற்றித் தகடு வைத்து ஒப்பேற்றுகிற வேலை கூடாது.

கோலெட்டைப் பற்றி இன்னும் கொஞ்சம். தண்டை அடிவரை செருகி, பிறகு இரண்டு மூன்று மி.மீ. மேலே தூக்கிய பின்பே நட்டை இறுக்க வேண்டும். அடியில் முட்டிய நிலையில் இறுக்கினால், கோலெட் கீழே இறங்கும்போது தண்டு கூடவே இறங்க இடமிருக்காது. பிடி பாதியில் நின்றுவிடும். பிட் இல்லாமல் வெறும் நட்டை முறுக்கி வைப்பதும் தவறு. பிட்டைக் கழற்றும்போது தண்டில் பழுப்பு வளையம் தெரிந்தால் உள்ளே வழுக்கியிருக்கிறது என்று அர்த்தம். பித்தளைத் தூரிகையால் பிசினைச் சுத்தம் செய்தும் வளையம் வந்தால் கோலெட்டைத் தூக்கிப் போட்டுவிடலாம். ரம்பத்தைச் சாணை பிடிக்கக் கணக்குப் பார்க்காதவர்கள்கூட கோலெட்டை மெஷினோடு பிறந்த உறுப்பாக நினைத்து ஆயுள் முழுக்க வைத்திருக்கிறார்கள்.

கடையில் நின்று மெஷினைத் தேர்ந்தெடுக்கும்போது நான் ஸ்விட்சைப் போட்டுப் பார்ப்பதில்லை. மரமில்லாமல் ஓடும்போது எல்லா மோட்டாரும் நன்றாகத்தான் ஓடும். ஆழத்தைப் பிடித்து நிறுத்தும் பூட்டைத் தளர்த்தி, ஒரு பக்கக் கைப்பிடியை மட்டும் அழுத்திக் கீழே இறக்கிப் பார்ப்பேன். மோட்டாரைத் தாங்கும் இரண்டு தூண்களும் திக்காமல் வழுக்கிச் செல்ல வேண்டும். பாதியில் பூட்டிவிட்டு உடல் எடையை வைத்து அழுத்துவேன். ஒரு மயிரிழை இறங்கினாலும் அந்த மெஷின் வேண்டாம். பிறகு, இரண்டு கைப்பிடிகளையும் விடாமலே பூட்டு நெம்பு விரலுக்கு எட்டுகிறதா என்று பார்ப்பேன். ஆறு கிலோ எடை, கீழே சுற்றும் பிட், அந்த நேரத்தில் ஒரு கையை எடுத்துத் துழாவ வைக்கும் மெஷினை யார் வடிவமைத்திருந்தாலும் அவர் ஒரு கதவையும் செய்து பார்த்ததில்லை.

எங்கள் பக்கத்தில் அதிகம் புழங்குவது மகிடா 3612. ஒரே வேகம், நிமிடத்துக்கு 22,000 சுற்று. நிறுத்தி நிதானமாகக் கிளம்பும் வசதி கிடையாது. ஸ்விட்சைத் தட்டியவுடன் கையை ஒரு வெட்டு வெட்டும். ஆனால் கரடுமுரடாகப் புழங்கினாலும் தாங்கும். இதே எண்ணைப் போட்டு இதே உருவத்தில் பாதிக்கும் கீழான விலையில் போலிகள் நிறைய வருகின்றன. அவற்றில் மோட்டார் ஓடும். தூணும் கோலெட்டும்தான் கைவிடும். மகிடாவிலேயே ஆர்பி 2301 எஃப்சி 2,100 வாட், வேகத்தை 9,000 முதல் 22,000 வரை மாற்றிக்கொள்ளலாம், 70 மி.மீ. வரை இறங்கும். ஹைகோகி எம் 12 வி 2 இன்னொரு நல்ல மெஷின்; 2018க்கு முன்பு ஹிட்டாச்சி என்ற பெயரில் வந்ததுதான். கையில் பிடித்து வேலை செய்ய போஷ் ஜிஓஎஃப் 1600 சிஇ சுகமாக இருக்கும். இவற்றில் எதை வாங்கினாலும் கார்பன் பிரஷ், ஸ்விட்ச், கோலெட் மூன்றும் திருநெல்வேலியிலோ மதுரையிலோ கிடைக்குமா என்று விசாரித்துவிட்டு வாங்குவதுதான் புத்திசாலித்தனம்.

வேகத்தை மாற்றும் வசதியை ஆடம்பரம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. 12 மி.மீ. பிட் 22,000 சுற்றில் ஓடினால் அதன் விளிம்பு மணிக்குச் சுமார் 50 கி.மீ. வேகத்தில் போகிறது. கதவுப் பலகையின் ஓரத்தைச் சரித்து எடுக்கும் 80 மி.மீ. பிட்டை அதே சுற்றில் ஓட்டினால் விளிம்பின் வேகம் 330 கி.மீ. அந்த அகலமான பிட்டை 10,000 சுற்றில், அதுவும் மேசைக்கடியில் ரூட்டரைப் பொருத்தி மட்டுமே ஓட்ட வேண்டும். கையில் பிடித்து ஓட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் நிற்க மாட்டேன்.

தேக்குக்கு இன்னொரு குணம் உண்டு. அதன் உடம்பிலேயே சிலிக்கா இருப்பதால் கூர்மையை அரித்துத் தின்றுவிடும். சாதாரண எஃகு பிட் ஒரு கதவு முடிவதற்குள் மழுங்கிவிடுகிறது. கார்பைடு முனைதான் தாக்குப்பிடிக்கும். தூத்துக்குடித் துறைமுகம் வழியாக வரும் ஆப்பிரிக்க, தென் அமெரிக்கத் தோட்டத் தேக்கிலும் இதே கதைதான். மழுங்கிய பிட்டை மெஷின் தானாகவே காட்டிக்கொடுத்துவிடும்: சீவல் விழ வேண்டிய இடத்தில் மாவு விழும், காடியின் சுவர் கருகும், தேக்கின் தோல் வாசம் போய்த் தீய்ந்த வாசம் வரும். அப்போது அழுத்தித் தள்ளுவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும் வைத்தியம். பிட்டை மாற்றுவதுதான் சரி.

இந்த மெஷினின் உண்மையான மதிப்பு தெரிவது கதவுக்குள் புதையும் பூட்டுக்குப் பள்ளம் எடுக்கும்போது. கதவின் கனம் 35 மி.மீ., பள்ளத்தின் அகலம் 17. மீதி இரு பக்கச் சுவரும் ஒன்பது ஒன்பது மி.மீ. மட்டுமே. கதவை ஓரம் மேலே வரும்படி நிறுத்தினால், 35 மி.மீ. விளிம்பின் மேல் ரூட்டரின் அடித்தட்டு தள்ளாடும். எனவே இரு பக்கமும் நேரான கட்டைகளை விளிம்போடு மட்டமாக வைத்து கிளாம்ப் போட்டு, உட்கார இடம் அகலப்படுத்த வேண்டும். அதன் மேல் 12 மி.மீ. பிளைவுட்டில் ஜன்னல் வெட்டிய அச்சு. ரூட்டரின் அடியில், ஜன்னலின் ஓரத்தைத் தொட்டு ஓடும் 30 மி.மீ. வழிகாட்டி வளையம், கோலெட்டில் 12 மி.மீ. அகலம் வெட்டும், அரை அங்குலத் தண்டுள்ள நீளப் பிட். வளையத்துக்கும் பிட்டுக்கும் இடையே ஒவ்வொரு பக்கமும் 9 மி.மீ. விலகல் இருப்பதால், 17 மி.மீ. பள்ளத்துக்கு அச்சின் ஜன்னல் 35 மி.மீ. அகலம் இருக்க வேண்டும். இந்தக் கூட்டல் காகிதத்தில் முடிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

முதலில் துளைப்பானால் வரிசையாக ஓட்டை போட்டு மரத்தின் பெரும்பகுதியை வெளியேற்றிவிடுவோம். பிறகு ரூட்டர். ஐந்து மி.மீ. இறக்கு, பூட்டு, ஜன்னலைச் சுற்றி ஓட்டு, தளர்த்து, மறுபடி ஐந்து. சுருக்கமாக முடிக்கலாம் என்று 15 மி.மீ. ஒரே மூச்சில் இறக்கினால் மோட்டாரின் குரல் கனத்து இறங்கும். பள்ளத்தில் சீவல் அடைத்துக்கொண்டு பிட் தன் குப்பையையே மறுபடி அரைத்துச் சூடாகும். அந்தக் குரலைக் கவனித்தே எங்கள் பையன்கள் ஆழத்தைக் கற்றுக்கொண்டார்கள். பூட்டின் உடல் 85 மி.மீ. என்றால் ரூட்டர் அந்த அடிவரை எட்டாது. மீதியைத் துளைப்பானும் உளியும்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பட்டறையின் மூத்த ஆசாரிக்கு இங்கேதான் மகிழ்ச்சி. சுற்றும் பிட் எந்த மூலையையும் வட்டமாகவே விட்டுவிட்டு வரும். பூட்டின் முகத்தகடோ சதுரம். கொட்டாப்புளியையும் உளியையும் எடுத்து நாலு மூலையையும் செதுக்கி நிமிரும்போது, "உன் மெஷின் முழுக்க முடித்ததை ஒரு நாளாவது பார்க்கிறேன், தம்பி" என்பார். பதில் சொல்வதில்லை. அவர் சொல்வது சரி.

ஓட்டும் திசையைச் சொல்லிவிடுகிறேன். மேலிருந்து பார்த்தால் பிட் வலச்சுற்றில் சுழல்கிறது. பலகையின் வெளி ஓரத்தைச் சுற்றி வெட்டும்போது ரூட்டரை இடச்சுற்றில் நகர்த்த வேண்டும். ஜன்னல் மாதிரி உள் ஓரமென்றால் வலச்சுற்றில். மாற்றி ஓட்டினால் பிட் மரத்தில் ஏறி ஓடும், ஆறு கிலோவும் சேர்ந்து ஓடும்.

மின்சாரத்திலும் கஞ்சத்தனம் கூடாது. 2,100 வாட் என்றால் 230 வோல்ட்டில் ஒன்பது ஆம்பியருக்கு மேல். 6 ஆம்பியர் பிளக்கில் செருகி, சுருட்டி வைத்த மெல்லிய நீட்டிப்பு வயரில் ஓட்டினால் வயர் கொதிக்கும், மோட்டாருக்கு வோல்ட்டேஜ் போதாது, மெஷினில் வலு இல்லை என்று பழி வரும். 16 ஆம்பியர் பிளக், 2.5 சதுர மி.மீ. வயர். காதடைப்பும் முகக் கவசமும் அதே கணக்கில்தான் சேரும். மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இலேயே வகைப்படுத்திவிட்டது. அப்படியும் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு வேலை பார்ப்பதுதான் நம் வழக்கம். நுண்தூளுக்குத் துண்டு ஒரு தடையே அல்ல.

எல்லா வேலைக்கும் இது வேண்டியதில்லை. கீல் பதிக்கவும் மைக்கா ஓரம் வெட்டவும் ஒற்றைக் கையில் அடங்கும் டிரிம்மர் போதும். நிலையின் நாலு அங்குலத் துளைகளுக்கு இரண்டுமே உதவாது. அது சங்கிலித் துளைப்பு மெஷினின் வேலை. ஒரே ஒரு ரூட்டர்தான் வாங்க முடியும், வேலை பெரும்பாலும் அலமாரியும் மைக்காவும்தான் என்று ஒருவர் சொன்னால், டிரிம்மரை வாங்கச் சொல்லி அனுப்பிவிடுவேன். தேக்குக் கதவு என்றால் நாலு நூல் மெஷின், வேகம் மாற்றும் வசதியோடு. கையில் மிஞ்சும் பணத்தை இன்னும் அதிக வாட்டில் போடாமல் ஓர் உபரிக் கோலெட், இரண்டு நல்ல கார்பைடு பிட், ஒரு வெர்னியர் என்று பிரித்துக்கொள்ளலாம்.