12 பெயர் கொண்ட சீர்காழியும் புள்ளிருக்குவேளூரும்

சீர்காழிக்கு 12 பெயர்கள். பிரமபுரம், வேணுபுரம், புகலி, வெங்குரு, தோணிபுரம், பூந்தராய், சிரபுரம், புறவம், சண்பை, காழி, கொச்சைவயம், கழுமலம். பிரமன் பூஜித்ததால் பிரமபுரம், ராகுவின் தலை பூஜித்ததால் சிரபுரம், சிபியிடம் வந்த புறாவின் கதையால் புறவம் என்று ஒவ்வொன்றுக்கும் தலபுராணம் ஒரு கதை வைத்திருக்கிறது. இத்தனை பெயரையும் சம்பந்தர் பதிகங்களில் கோத்துப் பாடியிருக்கிறார், சொந்த ஊர் மேல் அவருக்கு அவ்வளவு பிரியம்.

இந்தக் கதைகளைத் தெரிந்துகொண்டு கோயிலுக்குள் போனால் தரிசனமே வேறு மாதிரி இருக்கிறது. கீழே பிரமபுரீஸ்வரர் சந்நிதி, அதுவே பிரமபுரம். படியேறி நடுத்தளத்துக்குப் போனால் ஊழி வெள்ளத்தில் தோணியில் வந்தவராகச் சொல்லப்படும் தோணியப்பர், பெரியநாயகியோடு வீற்றிருக்கிறார், அங்கே தோணிபுரம் வந்துவிட்டது. அதற்கும் மேலே சட்டைநாதர். குளக்கரையில் மட்டும் கொஞ்சம் அதிக நேரம் நில்லுங்கள். அம்மை பால் கொடுத்ததும் குழந்தை சம்பந்தர் 'தோடுடைய செவியன்' பாடிய இடம் அது, அந்த முதல் பதிகத்திலேயே ஊர் 'பிரமாபுரம்' என்றுதான் வருகிறது!

அப்புறம் அங்கிருந்து மாயவரம் போகிற வழியிலேயே வைத்தீஸ்வரன்கோயில். ரயில் நிலையத்தில், பஸ் பலகையில் எல்லாம் இதுதான் பெயர், கோயிலே ஊராகிவிட்டது. தேவாரத்தில் இது புள்ளிருக்குவேளூர். புள் என்றால் பறவை, இங்கே ஜடாயுவும் சம்பாதியும். இருக்கு என்பது ரிக் வேதம், வேள் முருகன், ஊர் என்பது சூரியன். இவர்கள் எல்லோரும் வழிபட்ட தலம் என்பதால் இந்தப் பெயர் என்கிறார்கள். எனக்கு இது வெறும் சொல் விளக்கமாகப் படவில்லை, ஏனென்றால் உள்ளே போனால் அந்தப் பெயர் கண்ணெதிரே நிற்கிறது. ராமர் ஜடாயுவுக்கு இறுதிக்கடன் செய்ததாகச் சொல்லும் ஜடாயு குண்டம் இருக்கிறது, அதன் திருநீற்றைப் பூசிக்கொள்ளாமல் யாரும் நகர்வதில்லை. வேளுக்குச் செல்வமுத்துக்குமாரசுவாமி சந்நிதி. வைத்தியநாதரும் தையல்நாயகியும் நோய் தீர்ப்பவர்கள் என்று நம்பி வருகிற கூட்டம் சித்தாமிர்த தீர்த்தத்தில் வெல்லம் கரைக்கிறது, உப்பும் மிளகும் காணிக்கையாகப் போடுகிறது. கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அம்மன் முன்னால் நிற்கும் தாய்மார்களைப் பார்த்தால், நமக்கென்று எதுவும் கேட்கத் தோன்றாது, அந்தப் பிள்ளைகளுக்காகத்தான் வேண்டிக்கொள்வோம்.

இரண்டு ஊருக்கும் தூரம் அதிகமில்லை, ஒரே நாளில் பார்த்துவிடலாம். என்னைக் கேட்டால் காலையில் சீர்காழி, மாலையில் வைத்தீஸ்வரன்கோயில். முடிந்தால் இரவு அர்த்தஜாமம் வரை இருங்கள், முத்துக்குமாரசுவாமிக்குப் புழுகாப்பு, அதாவது புனுகுப் பூச்சு, சாத்தி நடக்கும் அந்த வழிபாட்டை விட்டுவிட்டு ஊர் திரும்ப வேண்டாம்.