இரண்டு வருஷமும் 19 நாளும்

"கேட்டா இல்லைன்னுதான் சொல்வாங்க மேடம்."

இதைச் சொன்னவன் நான். சொல்லி நாலு வருஷத்துக்கு மேல் ஆகிறது. கேட்டுக்கொண்டிருந்த எங்கள் கல்லூரி ஆசிரியை மறந்திருக்கவும் கூடும். எனக்குத்தான் மறக்க முடியவில்லை.

எஸ்ஆர்ஜி என்ற தொடக்க ஆராய்ச்சி மானியம் பற்றிய பேச்சு அது. மத்திய அரசின் அறிவியல், பொறியியல் ஆராய்ச்சி வாரியம், அதாவது எஸ்இஆர்பி, இருந்த காலத்தில் புதிதாகப் பணியில் சேர்ந்தவர்களுக்கென்று கொடுத்தது. இரண்டு வருஷத்துக்கு 30 லட்சம். நிரந்தரப் பணியில் சேர்ந்து இரண்டு வருஷத்துக்குள் விண்ணப்பம் போட்டுவிட வேண்டும். எங்களைப் போன்ற தனியார் கல்லூரியில் 30 லட்சம் என்பது ஒரு ஆய்வுக்கூடம். ஸ்பெக்ட்ரோ என்கிற அளவீட்டுக் கருவி வாங்கலாம், ஒரு ஆய்வு மாணவரைச் சம்பளத்தோடு வைத்துக்கொள்ளலாம்.

விண்ணப்பத்தை ஆசிரியரே இணையத்தில் ஏற்றுவார். ஆனால் கல்லூரி முதல்வரின் ஒப்புதல் கடிதம் கூட இருக்க வேண்டும். அந்தக் கடிதம் ஆராய்ச்சிப் பிரிவு வழியாக, அதாவது என் மேசை வழியாகத்தான் போகும். முதல்வர் முழுக்கப் படிக்க மாட்டார். கையெழுத்து வேண்டிய இடத்தில் நான் பென்சிலில் சின்னதாக ஒரு டிக் போட்டு வைப்பேன். டிக் இருந்தால் கையெழுத்து விழும். இல்லையென்றால் காகிதம் என்னிடமே திரும்பி வரும். அந்த டிக்கைத்தான் அன்று நான் போடவில்லை.

மேடம் வேதியியல் துறை. ராணிப்பேட்டைப் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரில் குரோமியத்தைச் செலவில்லாமல் கண்டுபிடிக்கும் ஒரு முறையைப் பற்றிய திட்டம். நான் படித்துப் பார்த்தேன், நன்றாகவே இருந்தது. தோல் தொழிற்சாலைக் கழிவு பாலாற்றுப் பக்கத்து ஊர்களை என்ன செய்திருக்கிறது என்பதை அங்கே பிறந்து வளர்ந்தவர் எழுதிய எழுத்து. கோப்பைப் பிரித்து வைத்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி இது:

"ஜாயினிங் டேட் கட்டத்துல எதைப் போடணும் சார்?"

கேள்விக்குக் காரணம் இருந்தது. அவரிடம் இரண்டு ஆணைகள். முதல் ஆணையில் உதவிப் பேராசிரியர், தொகுப்பூதியம், ஓராண்டு தகுதிகாண் பருவம். இரண்டாவது ஆணையில் பணிவரன்முறை, அதாவது பணியை முறைப்படுத்துவது, கூடவே ஊதிய விகிதம். முதல் தேதியிலிருந்து எண்ணினால் காலம் தாண்டிவிட்டது. இரண்டாவதிலிருந்து எண்ணினால் இன்னும் ஒன்றரை வருஷம் கையில் இருக்கிறது.

நான் சுவரில் இருந்த மாதக் காலண்டரை இறக்கி, கடைசித் தேதிவரை விரல் வைத்து எண்ணினேன். இரண்டு வருஷமும் 19 நாளும்.

"முதல் ஆர்டர்தான் மேடம் கணக்கு. ப்ரொபேஷன்னு போட்டிருக்கு பாருங்க. ப்ரொபேஷன்னாலே ரெகுலர் போஸ்ட்தான்."

"அப்ப தொகுப்பூதியம்தானே சார் குடுத்தாங்க? பி.எஃப். கூட ரெண்டாவது ஆர்டருக்கு அப்புறம்தான் பிடிச்சாங்க."

"சம்பளம் வேற, போஸ்ட் வேற."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "நடுவுல ஆறு மாசம் மெட்டர்னிட்டி லீவு சார்" என்றார். நான் அறிவிப்பைத் திருப்பி அவர் பக்கம் வைத்து, அந்த வரியை விரலால் காட்டினேன். சேர்ந்த நாளிலிருந்து இரண்டு வருஷம். வேறு யாருக்காக இருந்தாலும் அந்த விரல் அங்கே இருந்தது ஞாபகம் இருக்காது. எனக்கு இருக்கிறது.

"ஒரு மெயில் போட்டுக் கேட்டுப் பார்க்கலாமா சார்?"

அதற்குத்தான் ஆரம்பத்தில் சொன்ன அந்தப் பதில்.

அப்போது நான் நினைத்தது என்ன என்று பல தடவை யோசித்திருக்கிறேன். அலட்சியம் இல்லை, அது நிச்சயம். அதற்கு முந்தின வருஷம் வேறொரு திட்டத்தில் யூசி, அதாவது மானியத்தைச் செலவழித்ததற்கான சான்றிதழில், சிக்கல் வந்தது. அதற்கான ஜிஎஃப்ஆர் 12-ஏ படிவத்தோடு அனுப்பிய பில்களில் ஒன்றின் தேதி, திட்டக் காலம் முடிந்து 11 நாள் பிந்தியிருந்தது. கருவி வந்துவிட்டது, வேலையும் நடந்துவிட்டது, பில்தான் பிந்தியது. இருந்தும் அந்தத் தொகையை வட்டியோடு திருப்பிக் கட்டினோம். முதல்வர் அறையில் நாற்பது நிமிஷம் நின்றேன். 11 நாளுக்கு அந்த விலை என்றால் 19 நாளுக்கு என்ன விலை என்றுதான் மனம் கணக்குப் போட்டது. ஒப்புதல் கடிதத்தில் தவறான தேதிக்குக் கல்லூரி முத்திரை விழுந்தால், நாளைக்கு இன்னொருவர் விண்ணப்பத்தையும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். இதை இப்போதும் நான் தவறான பயம் என்று சொல்ல மாட்டேன்.

கேட்க வேண்டாம் என்றதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தேன். அலுவலகத்தில் இருப்பவர்களுக்கு இது தெரியும். எழுதிக் கேட்டால் எழுத்தில் பதில் வரும். 'இல்லை' என்று ஒரு தடவை எழுத்தில் வந்துவிட்டால், அடுத்து வருகிற எல்லோருக்கும் அதுதான் சட்டம். கேட்காமல் இருந்தால் கொஞ்சம் இடம் இருக்கும். சரி, அந்த இடத்தை நான் யாருக்காவது கொடுத்தேனா? இந்த மேடத்துக்குக் கொடுக்கவில்லை. கேட்கவும் இல்லை, இரண்டாவது தேதியைப் போடவும் விடவில்லை. இரண்டு கதவையும் நானே மூடிவிட்டு, மூடியது டெல்லி என்று பேசியிருக்கிறேன்.

அவரைச் சமாதானப்படுத்த, டிஎஸ்டியில், அதாவது மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையில், பெண் விஞ்ஞானிகளுக்கென்று திட்டம் இருக்கிறதே, அதைப் பாருங்கள் என்றும் சொன்னேன். "அது வேலையில இல்லாதவங்களுக்கு சார்" என்றார். அவர் சொன்னது சரி. இடையில் வேலையை விட்டு நின்றுபோன பெண்கள் திரும்பி வருவதற்கான திட்டம் அது, நிரந்தர வேலையில் இருப்பவர்கள் போட முடியாது. மானிய விதிகளைக் கரைத்துக் குடித்தவன் என்று பெயர் வாங்கியவன் நான். அந்த நேரத்தில் எதையாவது சொல்லி அவரை எழுப்பி அனுப்ப வேண்டும் என்றுதான் இருந்திருக்கிறது போல.

விதிகள்மேல் எனக்கு வெறுப்பு கிடையாது. இதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இந்தக் கதையைக் கேட்கிறவர்கள் உடனே விதிகளைத்தான் திட்டுகிறார்கள். இரண்டு வருஷ வரம்பு இல்லாவிட்டால் புதிதாகச் சேர்ந்தவர், இருபது வருஷம் பெயர் சேர்த்த பேராசிரியரோடு ஒரே வரிசையில் நிற்க வேண்டும். முப்பது வயதுக்காரருக்கு ஒரு ரூபாய் வராது. நானே பல வருஷம் கோட்டுக்கு வெளியே நின்றவன். நான் சேர்ந்த காலத்தில் எங்கள் கல்லூரிக்குப் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டத்தின் 12(பி) அந்தஸ்து கிடையாது. 2(எஃப்) மட்டும் இருந்தால் பெயர் பட்டியலில் இருக்கும், மானியத்துக்குக் கை நீட்ட முடியாது. அரசு உதவி பெறும் கல்லூரியில் இருந்த என் வகுப்புத் தோழன் குறுந்திட்டம் வாங்கி வேலை செய்துகொண்டிருந்தபோது, நான் விண்ணப்பப் படிவத்தைப் படித்துப் பார்த்ததோடு சரி. அந்த வலி தெரிந்தவன் இளகியிருக்க வேண்டும். நானோ இறுகிப் போனேன். ஏன் என்று இன்னும் பிடிபடவில்லை.

எத்தனை விண்ணப்பம் போடலாம் என்ற வரம்பும் அப்படித்தான், காரணத்தோடு வருவது. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம் 2025இல் ஒருவர் ஒரு வருஷத்தில் ஆறு விண்ணப்பத்துக்கு மேல் போடக் கூடாது என்று கொண்டுவந்தது. ஒரே சுற்றில் 40க்கு மேல் போட்டவர்கள் இருந்திருக்கிறார்கள், செயற்கை நுண்ணறிவு எழுதிக் கொடுக்கிறது. படித்து மதிப்பிடுகிறவர்களும் மனிதர்கள்தானே. 2009இல் பிரிட்டனின் பொறியியல், இயற்பியல் அறிவியல் ஆராய்ச்சிக் கவுன்சில் திரும்பத் திரும்பத் தோற்பவர்களை ஒரு வருஷம் விண்ணப்பிக்கவே விடாமல் நிறுத்தி வைக்கப் பார்த்தது. எதிர்ப்பு எழுந்ததும் வருஷத்துக்கு ஒன்று போடலாம் என்று இறங்கி வந்தது. இதையெல்லாம் படிக்கும்போது எனக்குக் கோபம் வருவதில்லை. எங்கேயோ ஒரு கோடு போட்டுத்தான் ஆக வேண்டும்.

ஆனால் ஐரோப்பிய ஆராய்ச்சிக் கவுன்சிலின் விதி ஒன்றைப் படித்தபோது அப்படி இருக்க முடியவில்லை. ஜெர்மனியில் இருக்கும் என் பழைய மாணவி ஒருத்தி தொடக்க நிலை மானியத்துக்கு விண்ணப்பித்தபோது அனுப்பி வைத்தாள். முனைவர் பட்டம் வாங்கி ஏழு வருஷம் வரைதான் அப்போது அதற்குத் தகுதி. தாயாக இருந்தால் ஒரு குழந்தைக்கு 18 மாதம் அந்தக் கெடு நீளும். எத்தனை நாள் விடுப்பு எடுத்தாய் என்று கேட்பதில்லை. குழந்தை பிறந்த சான்று போதும். அவளுக்கு இரண்டு குழந்தைகள், மூன்று வருஷம் கூடுதலாகக் கிடைத்தது. "இது சலுகை இல்ல சார், கணக்கு" என்று எழுதியிருந்தாள்.

அதைப் படித்த அன்றைக்குச் சாயங்காலமே அலமாரியிலிருந்து மேடத்தின் கோப்பு நகலை எடுத்தேன். எதற்கு எடுத்தேன் என்று சொல்லத் தெரியவில்லை. இரண்டு ஆணைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். முதல் ஆணையில் ஓராண்டு தகுதிகாண் பருவம் என்று இருக்கிறது. இரண்டாவது ஆணை வந்திருப்பது ஓராண்டில் இல்லை, ஒன்றரை வருஷத்தில். அதன் இரண்டாவது பத்தியில் காரணமும் இருந்தது: மகப்பேறு விடுப்புக் காலம் தகுதிகாண் பருவக் கணக்கில் சேராது.

2017இல் சட்டம் திருத்திய பிறகு மகப்பேறு விடுப்பு 26 வாரம், 182 நாள். அந்த 182 நாளும் பணியில் இருந்த நாள் ஆகாது என்று கழித்து, எங்கள் கல்லூரி அவருடைய பணிவரன்முறையைத் தள்ளிப் போட்டிருக்கிறது. அதே 182 நாளையும் பணியில் இருந்த நாளாகச் சேர்த்து எண்ணி, காலம் தாண்டிவிட்டது என்று நான் காலண்டரில் விரல் வைத்திருக்கிறேன். 19 நாளுக்காக.

மேடம் வந்து கேட்ட அன்றைக்கும் அந்தப் பத்தி என் மேசையில்தான் இருந்தது. நான் தேதியை மட்டும் பார்த்தேன்.

இந்த இடத்தில் இன்னொன்றையும் எழுத வேண்டும். எழுதாமல் முடிக்கலாம் என்று இரண்டு நாள் தள்ளிப் போட்டேன். இந்த மேடத்துக்கு முன்பு, எங்கள் மூத்த பேராசிரியர் ஒருவர் வேறொரு மானியத்துக்குப் போட்டார். மூன்று வருஷத் திட்டம், அவர் ஓய்வு பெற இரண்டு வருஷமும் சில மாதமும்தான் இருந்தது. திட்டம் முடியும்வரை அவர் பணியில் நீடிப்பார் என்று கல்லூரி உறுதி சொல்ல வேண்டும். அவருக்குப் பணி நீட்டிப்பு கொடுப்பதாக ஒரு தீர்மானமும் அப்போது கிடையாது. "எப்படியும் எக்ஸ்டென்ஷன் குடுப்பாங்கப்பா, நீ போடு" என்றார். போட்டேன். பென்சில் டிக்கும் போட்டேன். நீட்டிப்பு பிறகு உண்மையிலேயே கிடைத்தது, திட்டமும் நல்லபடி முடிந்தது, யூசியும் சரியாகப் போனது. அதனால் அது தவறு என்றே எனக்குத் தோன்றவில்லை.

இரண்டும் ஒன்றா? ஒன்றில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ளும் வாதம் இருக்கிறது. பேராசிரியருக்கு நான் எழுதியது நடக்கப் போவதைப் பற்றி, மேடம் கேட்டது நடந்து முடிந்த ஒரு தேதியைப் பற்றி. ஒன்று நம்பிக்கை, மற்றது ஆவணம். இந்த வாதம் பகலில் நிற்கிறது. ஆனால் மேடம் கேட்ட தேதியும் ஆவணத்தில் இருந்த தேதிதானே. கல்லூரி முத்திரையோடு, முதல்வர் கையெழுத்தோடு. இல்லாத தீர்மானத்தை நம்பி ஒருவருக்கு டிக் போட்டேன், இருந்த ஆணையை நம்பி இன்னொருவருக்குப் போடவில்லை. முன்னவர் என்னை 'நீ' என்று கூப்பிடுகிறவர். பின்னவர் 'சார்' என்று கூப்பிடுகிறவர்.

போட்டிருந்தால் கிடைத்திருக்குமா என்பது தெரியாது. நிபுணர் குழு திட்டத்தைத் தள்ளியிருக்கலாம். தகுதியில்லை என்று முதல் சுற்றிலேயே திருப்பியிருக்கலாம். முதல் தேதிதான் கணக்கு என்று நான் சொன்னதே சரியான பதிலாகவும் இருந்திருக்கலாம். இப்படி யோசிக்கும்போது கொஞ்சம் ஆறுதலாக இருக்கிறது. அப்புறம் அந்த ஆறுதலே உறுத்துகிறது. பதில் எதுவாக இருந்தாலும் அதைச் சொல்ல வேண்டிய இடம் என் மேசை இல்லை. ஒரு மெயில். நாலு வரி. இரண்டு ஆணைகளையும் இணைத்து அனுப்பியிருந்தால் போதும்.

எஸ்இஆர்பி இப்போது இல்லை. 2023இல் சட்டம் வந்து, 2024 பிப்ரவரியில் அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை நடைமுறைக்கு வந்தது, பழைய வாரியம் அதில் சேர்ந்துவிட்டது. இளம் ஆராய்ச்சியாளர்களுக்குப் புதிய மானியம், புதிய விதிகள். இப்போது யார் தேதிச் சந்தேகத்தோடு வந்தாலும் எழுதிக் கேளுங்கள் என்கிறேன். சிலருக்குச் சாதகமாகப் பதில் வந்தது, சிலருக்கு வரவில்லை.

மேடம் எங்கள் கல்லூரியில்தான் இருக்கிறார். குரோமியம் வேலையை விடவில்லை. எம்.எஸ்சி. மாணவர்களின் புராஜெக்ட்டாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்கிறார். ஸ்பெக்ட்ரோவுக்குப் பக்கத்துக் கல்லூரிக்கு மாதிரி பாட்டில்களை அடுக்கிய தெர்மாகோல் பெட்டியோடு பஸ்ஸில் போய் வருகிறார். நான் பார்த்திருக்கிறேன்.

போன மாதம் கல்லூரி தன் சொந்தப் பணத்திலிருந்து கொடுக்கும் சிறு தொகைக்கு விண்ணப்பம் கொண்டுவந்தார். ஐம்பதாயிரம் ரூபாய். எல்லாக் கட்டமும் நிரப்பியிருந்தது, ஒன்றைத் தவிர.

"ஜாயினிங் டேட் எதைப் போடணும் சார்?"

குரலில் ஒன்றும் இல்லை. சாதாரணமாகத்தான் கேட்டார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அன்றைய பேச்சை எடுக்கலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது.

"இதுக்கு வரம்பெல்லாம் இல்ல மேடம். எதைப் போட்டாலும் சரிதான்" என்றேன்.

தலையை ஆட்டிவிட்டு, என் மேசையில் இருந்த பேனாவை எடுத்து எழுதினார். முதல் ஆணையின் தேதியைத்தான் எழுதினார்.