ஓடைக்கரையில் தொடங்கிய புவியியல்

மகளுக்குப் பதினான்கு வயதாக இருக்கும்போது கனடாவில் ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவுக்கு வந்து சேர்ந்தோம். முதல் வருடம் வீட்டிலேயே படிக்கட்டும் என்று முடிவெடுத்தோம். எங்கள் மாகாணமான ஒன்ராறியோவில் கல்விச் சபைக்கு எழுத்தில் அறிவித்துவிட்டு வீட்டில் படிப்பிக்கலாம். கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் புத்தகம் வாங்கினோம். புவியியலை மட்டும் நானும் மகளும் சேர்ந்தே திட்டமிட்டோம். வந்திறங்கிய மண்ணை அறியாமல் அந்தப் பாடத்தைப் படித்து என்ன பயன்?

மாகாணத்தின் ஒன்பதாம் வகுப்புப் பாடத்திட்டம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. தலைப்புகளை அதிலிருந்து எடுத்தோம். உதாரணங்களை நடந்து போகும் தூரத்தில் தேடினோம். எங்கள் பகுதியின் 1:50,000 இடவிளக்கப் படத்தை அச்செடுத்து மேசையில் விரித்தோம். ஹைலண்ட் ஓடையின் இரு பக்கமும், ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சமவுயரக் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. மகள் அவற்றைப் பென்சிலால் தடவிக்கொண்டே போனாள். மறுநாள் அதே சரிவில் மூச்சு வாங்க ஏறியபோது, கோடுகள் ஏன் அவ்வளவு நெருங்கியிருந்தன என்று நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

நாங்கள் யாழ்ப்பாணத்தார். சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கும் மழைநீரும் கிணறும்தான் எங்களுக்குத் தெரிந்த நீரியல். மாரியில் மட்டும் ஓடும் வழுக்கையாற்றை விட்டால் ஆறென்று சொல்ல எதுவும் இல்லை. அதனால் ஓடைக்கரை எங்களுக்குப் புதினம். "இந்த நகரத்தில் வீட்டுக்கு இவ்வளவு விலை. பிறகேன் பள்ளத்தாக்கில் வீடே இல்லை?" என்று மகள் கேட்டாள். அதுவே ஒரு பாடமானது. 1954 ஒக்டோபர் 15 இரவு ஹேசல் சூறாவளி ஒன்ராறியோவில் 81 பேரைக் கொன்றது. ரொறன்ரோவின் மேற்கே ஹம்பர் ஆற்றங்கரையில் ரேமோர் டிரைவ் என்ற ஒரே தெருவில் 35 பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான் வெள்ளச் சமவெளிகளை அரசு வாங்கி, வீடு கட்ட விடாமல் பூங்காக்களாக வைத்தது. ரேமோர் டிரைவில் வீடுகள் நின்ற இடமும் இன்று பூங்காதான்.

அப்புறம் ஸ்காபரோ பிளஃப்ஸ். பனியுகத்து மணலும் களியும் அடுக்கடுக்காகத் தெரியும் செங்குத்துக் கரை. சில இடங்களில் 90 மீற்றர் உயரம். அங்கே கரைந்த மணலை ஒன்ராறியோ ஏரி மேற்கே கொண்டுபோய்க் குவித்ததில் உருவானவைதான் ரொறன்ரோத் தீவுகள். 1858 வரை அவை கரையோடு ஒட்டிய தீபகற்பம்; ஒரு புயல் அறுத்துத் தீவாக்கியது.

பரீட்சைக்குப் பதிலாக ஒரு விவாதக் கட்டுரை கொடுத்தேன்: பிளஃப்ஸ் அடியில் பாறை குவித்து அரிப்பைத் தடுக்கலாமா? தடுத்தால் தீவுகளுக்கு மணல் குறையும் என்பது என் கட்சி. அவள் படத்தில் லெஸ்லி வீதி முனையில் விரலை வைத்தாள். கட்டட இடிபாடுகளைக் கொட்டி ஏரிக்குள் ஏறத்தாழ 5 கிலோமீற்றர் நீட்டியது அது. "இது குறுக்கே நிற்க, மணல் எப்படியப்பா அங்கால போகும்?"

நல்ல கேள்வி. கட்டுரையை அதிலிருந்தே தொடங்கச் சொல்லியிருக்கிறேன். அடுத்தது குடித்தொகை, எங்கள் வட்டாரக் கணக்கெடுப்பில் வீட்டுமொழி அட்டவணையை அவளே இறக்கி வைத்திருக்கிறாள்.