கணிதத் துறை: ஒரு கல்வியாண்டின் பணிக்குறிப்புகள்

ஜூன் 12

பணிச்சுமைக் கணக்கு. யு.ஜி.சி.யின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 விதிமுறைப்படி உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம் நேரடி வகுப்பு. இணைப் பேராசிரியருக்கும் பேராசிரியருக்கும் 14. துறையில் 2 இணை, 5 உதவி என்றால் 28 + 80 = 108. தேவை 112 என்று வந்தால் விடுபடும் 4 மணிக்குக் கௌரவ விரிவுரையாளர் கேட்டு இப்போதே எழுத வேண்டும். பெரும்பாலும் கணக்கில் நழுவுவது அல்லைடு வகுப்புகள்தான். இயற்பியல், வேதியியல் மாணவர்களுக்கு நாம் எடுக்கும் மணிகள் அந்தத் துறைகளின் அட்டவணையில் கிடக்கும்.

கால அட்டவணை: ஆறு டே ஆர்டர் (கிழமைக்குப் பதில் சுழலும் ஆறு நாள் வரிசை), நாளுக்கு 5 மணி, ஆக 30. முதலில் மொழிப்பாடங்களைப் பூட்ட வேண்டும், பிறகு அல்லைடு, கடைசியில்தான் மேஜர் (நம் துறையின் முதன்மைப் பாடம்). மாற்றிப் போட்டால் ஒரே ஆசிரியருக்கு ஒரே மணியில் இரண்டு வகுப்பு விழும்.

ஜூலை 24

மெய்ப்பகுப்பாய்வில் (ரியல் அனாலிசிஸ்) சீரான ஒருங்கல் (யூனிஃபார்ம் கன்வர்ஜென்ஸ்): சார்புகளின் வரிசை எல்லாப் புள்ளியிலும் ஒரே சீராக எல்லையை நெருங்குவது. வரையறையில் தொடங்கினால் வகுப்பு கையைவிட்டுப் போய்விடும். எண்களில் தொடங்குவதே சரி. எக்ஸின் அடுக்குகளையே சார்புகளாகக் கொள்ளலாம். 0-க்கும் 1-க்கும் இடைப்பட்ட ஓர் எண்ணை எடுத்து, அதன் எத்தனையாவது அடுக்கு 0.5-க்குக் கீழே இறங்குகிறது என்று மாணவர்களையே பார்க்கச் சொல்லலாம். 0.9-க்கு 7. 0.99-க்கு 69. 0.999-க்கு 693. எண் 1-ஐ நெருங்க நெருங்க அடுக்கு எகிறுகிறது. எல்லாப் புள்ளிக்கும் போதுமான ஒரே அடுக்கு கிடையாது. அதே சார்புகளை 0 முதல் 0.9 வரை மட்டும் எடுத்தால் 7 எல்லோருக்கும் போதும். இதைப் பலகையில் பார்த்தவர்களுக்கு "ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் அடுக்கு", "எல்லாப் புள்ளிக்கும் ஒரே அடுக்கு" என்ற வரிசை மாற்றம் அதன்பின் குழம்புவதில்லை.

செப்டம்பர் 9

வினாத்தாள். அகமதிப்பீடு 25, புறத்தேர்வு 75. புறத்தில் 2 மதிப்பெண் வினா 10, 5 மதிப்பெண் 5, 10 மதிப்பெண் 3. விடைத்திட்டத்தை எழுதி முடிக்காமல் தாளை அனுப்பக் கூடாது. தட்டச்சில் முதலில் விழுவது நிபந்தனைகள்தான். "0 முதல் ஏ வரையான மூடிய இடைவெளியில் எக்ஸின் அடுக்குகள் சீராக ஒருங்கும் எனக் காட்டுக" என்ற வினாவில் "ஏ என்பது 1-க்குக் குறைவு" என்ற துண்டு போனால், ஏ = 1 என்று எடுத்த மாணவருக்குக் கூற்றே பொய். அதற்காகப் பிறகு எல்லோருக்கும் முழு மதிப்பெண் போடுவது படித்து எழுதியவருக்கு அநியாயம்.

டிசம்பர் 2

மதிப்பீட்டு முகாம். டம்மி எண் (பதிவெண்ணை மறைக்கும் எண்) போட்ட விடைத்தாள் கட்டுகள் வருமுன் போர்டு சேர்மன் (மதிப்பீட்டுக் குழுத் தலைவர்) இரண்டைத் தெளிவாக்க வேண்டும்: 5-இல் 3 எழுதச் சொன்ன இடத்தில் 4 எழுதியிருந்தால் எவை எண்ணப்படும், விடைத்திட்டத்தில் இல்லாத முறைக்கு எப்படி மதிப்பெண். எடுத்துக்காட்டாக, 0 முதல் 1 வரை (1 உட்பட) எக்ஸின் அடுக்குகளின் ஒருங்கல் சீரானதல்ல என்பதை, எல்லைச் சார்பு (அடுக்குகள் நெருங்கிச் செல்லும் சார்பு) 1-இல் தொடர்ச்சியற்றது என்று காட்டி முடிக்கலாம். 1-இலிருந்து 'என்'இல் ஒரு பங்கைக் கழித்து வரும் எண்ணின் 'என்'ஆவது அடுக்கு ஏறத்தாழ 0.37-ஐ நெருங்குகிறது, பூச்சியத்தை அல்ல என்றும் காட்டலாம். இரண்டும் முழு மதிப்பெண்ணுக்கு உரியவை. 1-ஐ விலக்கிய இடைவெளியில் "எல்லைச் சார்பு தொடர்ச்சியானது, ஆகவே ஒருங்கல் சீரானது" என்று எழுதினால் மதிப்பெண் கூடாது. தொடர்ச்சியான சார்புகள் சீராக ஒருங்கினால் எல்லைச் சார்பும் தொடர்ச்சியானது என்பதே தேற்றம்; அதன் மறுதலை உண்மையல்ல.

ஸ்க்ரூட்டினியில் (திருத்திய தாளைச் சரிபார்க்கையில்) அதிகம் சிக்குபவை கூட்டல் பிழையும், கடைசிப் பக்கத்தில் திருத்தாமல் விட்ட விடையும். அந்தப் பக்கத்தை முதலில் புரட்ட வேண்டும்.

மார்ச் 14

பாடத்திட்டக் குழு. வெளி வல்லுநர்கள், துணைவேந்தர் நியமித்தவர், தொழில்துறையினர், முன்னாள் மாணவர் எல்லோரும் இருக்கும்போதே பாட வரிசையைப் பேசிவிட வேண்டும். சீரான ஒருங்கல் வராமல் கலப்பெண் பகுப்பாய்வை முன்னே தள்ளினால், அடுக்குத் தொடரை உறுப்பு உறுப்பாக வகையிடுவதை மாணவர் மனப்பாடம்தான் செய்வார். அதைவிட அவசரம் அரியர் மாணவர்கள். பாடத்திட்டம் மாறும்போது பழைய தாளுக்கு இணையான புதிய தாள் எது என்ற பட்டியல் அதே கூட்டத்தில் நிறைவேற வேண்டும். நிறைவேறாவிட்டால் இரண்டு மாணவருக்காகப் பழைய வினாத்தாளைத் தேர்வுத்துறை தனியே தயாரிக்க வேண்டிவரும். பட்டியலில் தாள் குறியீடு, பருவம், கிரெடிட் மூன்றும் இருந்தால்தான் கல்விக் குழுவுக்கு அனுப்ப முடியும்.